வெல்லம் காய்ச்சுகிறவன் கேரமல் காய்ச்சினால்

கேரளத்து மறையூரில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பும் அதையொட்டி ஒரு வெல்ல ஆலையும் உண்டு. ஆலை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கூரை, ஒரு சாறு பிழியும் இயந்திரம், சக்கையை எரிக்கும் அடுப்பு, அதன் மேல் ஒரு கொப்பரை, பக்கத்தில் பாகு ஆற வைக்கும் மரத் தொட்டி. அவ்வளவுதான். பாகு இறக்கும் நேரம் வந்துவிட்டதா என்று குமிழி வெடிக்கிற சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஊருக்குள் ஒரு பெயர். அந்தப் பெயர் கொடுத்த தெம்பில்தான் சர்க்கரையை நிறம் மாறக் காய்ச்சிக் கிரீம் சேர்க்கிற இந்தக் கேரமல் வேலையில் இறங்கினேன். மூன்று வாணலி ஆனது.

மகள் கொச்சியில் படிக்கிறாள். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை நான்கு தோழிகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாள். காந்தலூரில் ஆப்பிள் காய்த்துத் தொங்குவதைப் பார்க்க வேண்டுமாம். ஆப்பிள் என்றாலே காஷ்மீர், இமாச்சல் என்று நினைக்கிறவர்களுக்குக் கேரளத்தில் ஆப்பிள் என்பது நம்பும்படியாக இருப்பதில்லை. நாங்கள் இருக்கிற மறையூர் ஆயிரம் மீட்டர் உயரம். இங்கே ஆப்பிளுக்குக் குளிர் போதாது. இன்னும் ஐந்நூறு மீட்டர் ஏறினால் காந்தலூர், அங்கே காய்க்கும். என் மச்சானுக்கு அங்கே பன்னிரண்டு மரம் இருக்கிறது. குரங்குக்குப் போக மீதி அவருக்கு.

"அப்பா, வந்ததும் பிரியாணி எல்லாம் வேண்டாம். ஆப்பிள் வெச்சு ஏதாவது புதுசா பண்ணலாம்" என்று சொல்லி ஒரு செய்முறையையும் போனில் அனுப்பினாள். கேரமல் ஆப்பிள் சீஸ்கேக் டிப். கீழே "ரொம்ப ஈஸி, பத்து நிமிஷம்" என்று ஒரு சிரிப்புப் பொம்மை.

விஷயம் இதுதான். சீஸ்கேக் என்பது கிரீம் சீஸ் என்ற மெத்தென்ற சீஸில் செய்கிற கேக். அதைச் சுடாமல், துண்டு போடாமல், தொட்டுக்கொள்கிற பதத்தில் கிண்ணத்தில் வைத்தால் அது டிப். மேலே கேரமல், அதற்கு மேல் வதக்கிய ஆப்பிள், பிஸ்கட் தூள். பச்சை ஆப்பிள் துண்டால் வழித்துச் சாப்பிட வேண்டும். இட்லிக்குச் சட்னி போல என்று அம்மாவுக்கு விளக்கினேன். "இனிப்புச் சட்னிக்குப் புளிப்பு இட்லியா?" என்றார். அந்த வர்ணனையை விட நல்லதாக எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

பத்து நிமிடம் என்பது பொய்யில்லை. அமெரிக்காவில் கிரீம் சீஸ் டப்பாவில் வருகிறது, கேரமல் பாட்டிலில் வருகிறது, நுரைத்த கிரீம் பெட்டியில் வருகிறது. மூன்றையும் கலந்தால் வேலை முடிந்தது. மறையூரில் அந்த மூன்றும் இல்லை. உடுமலைப்பேட்டைக்குப் போகலாம், ஆனால் சின்னாறு வழியாக நாற்பது கிலோமீட்டருக்கு மேல் மலை இறங்கி ஏற வேண்டும். போன் போட்டுக் கேட்டதில் ஒரு கடையில் "கிரீம் சீஸா? கிரீம் பன் இருக்கு" என்றார்கள். சரி, நாமே செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இதை ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேனே தவிர, அதன் விலை வியாழன் காலை முதல் சனி மதியம் வரை.

முதலில் சீஸ். கிரீம் சீஸ் ரொம்பப் பழைய சங்கதி இல்லை. 1872 வாக்கில் நியூயார்க் மாநிலத்தில் செஸ்டர் என்ற ஊரில் வில்லியம் லாரன்ஸ் என்ற பால்காரர் வியாபாரத்துக்குச் செய்யத் தொடங்கினார். எட்டு வருடம் கழித்து அதற்குப் 'பிலடெல்பியா' என்று பெயர் வைத்தார்கள். பிலடெல்பியா நகரத்தில் செய்ததில்லை, அந்த நகரத்துப் பாலுக்கு நல்ல பெயர் இருந்தது, அதனால். எனக்குப் பயன்பட்டது வரலாறு இல்லை, அளவு. அமெரிக்கச் சட்டப்படி கிரீம் சீஸில் கொழுப்பு குறைந்தது 33 சதவீதம் இருக்க வேண்டும், ஈரம் 55 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டு எண்ணும்தான் எனக்கு வழி காட்டின. பாலில் 87 சதவீதம் தண்ணீர். ஆக, தண்ணீரை வெளியே அனுப்பு, கொழுப்பை உள்ளே கொண்டு வா. கரும்புச் சாற்றிலிருந்து வெல்லம் எடுப்பதும் பாதி அதே வேலைதானே.

ஒன்றரை லிட்டர் பாலைக் காய்ச்சி உறை ஊற்றினேன். புளிக்க விடக் கூடாது, உறைந்த உடனே எடுத்துவிட வேண்டும். வடிகட்டியில் பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து விரித்து, தயிரைக் கொட்டி, மூடி, மேலே ஒரு தட்டு, தட்டின் மேல் அம்மாவின் சின்ன குழவிக் கல். அப்படியே ஃப்ரிட்ஜுக்குள். ஃப்ரிட்ஜில் குழவிக் கல் இருப்பதைப் பார்த்து மனைவி ஒன்றும் சொல்லவில்லை, கதவை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சாத்தினாள். பன்னிரண்டு மணி நேரம் கழித்துத் துணியில் இருந்தது 560 கிராம். வடிந்த தண்ணீரில் இரவு சப்பாத்தி மாவு பிசைந்தாயிற்று, நன்றாக மெத்தென்று வந்தது.

இப்படிக் கிடைக்கும் கெட்டித் தயிர் சுவையில் கிரீம் சீஸுக்கு நெருக்கம்தான். ஆனால் கொழுப்பு பத்துச் சதவீதம்கூட இல்லை. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் இறுகாது, தளதளவென்றே கிடக்கும். அதற்காக 150 கிராம் பனீரும் 60 கிராம் வெண்ணெயும் சேர்த்தேன். வெண்ணெய்தான் குளிரில் இறுகித் தாங்கிப் பிடிக்கிறது.

இங்கே இரண்டு இடத்தில் கை சுட்டுக்கொண்டேன். மொத்தத்தையும் மிக்ஸியில் போட்டு ஒரு சுற்று விட்டால் முடிந்தது என்று நினைத்து, முதலில் நூறு கிராம் தயிரை மட்டும் போட்டுப் பார்த்தேன். அரை நிமிடத்தில் மோர் மாதிரி ஆகிவிட்டது. துணியில் பன்னிரண்டு மணி நேரம் இருந்து கட்டியதை மிக்ஸி கத்தி கலைத்துவிடுகிறது. அந்த நூறு கிராமுக்குப் பெருங்காயம் போட்டுக் குடித்துவிட்டு, முறையை மாற்றினேன். பனீரை மட்டும் மூன்று கரண்டி பாக்கெட் கிரீமோடு மிக்ஸியில் மை போல அரைத்தேன். மீதித் தயிரைக் கரண்டியால் கையாலேயே மடித்துக் கலந்தேன். இரண்டாவது சூடு, வெண்ணெய். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தயிரில் இளக்கிய வெண்ணெயைச் சேர்த்ததும் அது திப்பி திப்பியாக உறைந்து ரவை போல் நின்றது. தயிரையும் வெண்ணெயையும் அரை மணி நேரம் வெளியே வைத்து ஒரே பதமான குளிரில் சேர்த்திருக்க வேண்டும். திப்பியைப் போக்க, பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நிமிடம் உட்கார வைத்துக் கலக்கினேன், கரைந்தது. பொடித்த சர்க்கரை 80 கிராம், வெனிலா ஒரு டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, நாலு சொட்டு எலுமிச்சை. சீஸ் பகுதி அவ்வளவுதான்.

செய்முறையில் நுரைத்த கிரீமும் கேட்டிருந்தார்கள். பாக்கெட் ஃப்ரெஷ் கிரீமை இருபது நிமிடம் அடித்துப் பார்த்தேன். கை வலித்தது, கிரீம் அப்படியே இருந்தது. அதில் கொழுப்பு 25 சதவீதம். நுரை நிற்க முப்பதுக்கு மேல் வேண்டும். விட்டுவிட்டேன். அது இல்லாமலே நன்றாக இருந்தது என்பதால் இதைப் பற்றி மேலே எழுதப் போவதில்லை.

இனிமேல்தான் கேரமல். என் சொந்தத் தொழில் என்று நான் நினைத்த பகுதி.

முதல் வாணலியில் நம்ம வெல்லம். மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, வீட்டில் மூட்டையாகக் கிடக்கிறது, நிறமும் கருஞ்சிவப்பு. கேரமலுக்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டு உருண்டையைத் தட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து, வடிகட்டி, பாகு ஏறியதும் கிரீமை ஊற்றினேன். மூன்று எண்ணுவதற்குள் திரிந்துவிட்டது. வாணலி முழுக்கத் திப்பியும் தண்ணீருமாக. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பாயசத்துக்குக் கொதிக்கிற பால்ல வெல்லம் போடக் கூடாதுன்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும், நீ வெல்லக்காரன்" என்றார். பதில் இல்லை. சாறு காய்ச்சும்போது நாங்களே சுண்ணாம்பு போட்டு அதன் புளிப்பை முறிக்கிறோம். அப்படியும் வெல்லத்தில் ஒரு புளிப்பு மிச்சம் இருக்கும், நாள்பட்ட வெல்லத்தில் கூடுதலாக. சூட்டில் அது பாலைத் திரித்துவிடுகிறது. தெரிந்த விஷயம்தான். கிரீமும் பால்தான் என்பது அந்த நேரத்தில் புத்தியில் ஏறவில்லை.

இரண்டாவது வாணலியில் வெள்ளைச் சர்க்கரை. 150 கிராம் சர்க்கரை, மூன்று கரண்டி தண்ணீர். இது இன்னும் அவமானம். வெல்லக் கொப்பரையை 118 டிகிரி வாக்கில் இறக்கிவிடுவோம் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். நாங்கள் டிகிரி பார்ப்பதில்லை, குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்போம், உருண்டால் இறக்கு. அதைத் தாண்டினால் கருகும், ஒரு கொப்பரை முழுக்க நட்டம். முப்பது வருடமாக உடம்பில் ஊறிய பயம் அது. வாணலியில் குமிழி கெட்டியாகி, சத்தம் 'பொளக் பொளக்' என்று மாறியதும் கை தானாகவே அடுப்பை அணைத்துவிட்டது. பார்த்தால் பாகு நிறமே மாறவில்லை, கண்ணாடி போல வெள்ளையாக இருக்கிறது. சரி, கிளறினால் நிறம் வரும் என்று கிளறினேன். ஓரத்தில் ஒட்டியிருந்த சர்க்கரை உள்ளே விழுந்தது, அவ்வளவுதான், மொத்தமும் மணல் மணலாகப் பூத்துவிட்டது. வெல்லத் தொட்டியில் நாங்கள் வேண்டும் என்றே செய்கிற காரியம் இது: இறக்கிய பாகை ஓயாமல் கிளறிக் குருணை கட்ட வைத்துத்தான் உருண்டை பிடிப்போம். கேரமலுக்கு அதுதான் எமன்.

வாணலியை ஊற வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தேன். சர்க்கரை நிறம் மாறி அந்த வாசனை வருவதற்கு 160, 170 டிகிரி வரை போக வேண்டும். அதாவது நான் இறக்குகிற இடத்திலிருந்து இன்னும் ஐம்பது டிகிரி. நான் 'கருகப் போகிறது' என்று பயப்படுகிற இடத்தில்தான் கேரமல் ஆரம்பிக்கவே செய்கிறது.

மூன்றாவது வாணலிக்கு மகளைப் போனில் வைத்துக்கொண்டேன். அடிகனமான பாத்திரம், அதே 150 கிராம் சர்க்கரை, மூன்று கரண்டி தண்ணீர். கரைகிற வரை கிளறலாம், அதற்கப்புறம் கரண்டியைத் தொடக் கூடாது. ஓரத்தில் சர்க்கரை ஒட்டினால் ஈரத் துணியைக் குச்சியில் சுற்றித் துடைத்துவிட்டேன். நடுத்தரத் தீ. குமிழி கெட்டியானது, என் கை அடுப்பின் திருகுக்குப் போனது, "தொடாதீங்கப்பா" என்று போனிலிருந்து ஒரு அதட்டல். இன்னும் மூன்று நிமிடம். ஓரத்தில் வைக்கோல் நிறம், பாத்திரத்தை லேசாகச் சுழற்றினேன், அப்புறம் தேன் நிறம், அப்புறம் கட்டன் சாயா, அதாவது பால் விடாத டீ நிறம். முதல் புகை இழை எழுந்த நொடியில் இறக்கிவிட்டேன். அந்த நேரத்தில் நேரம் ஓடுவது நிமிடத்தில் இல்லை, நொடியில். கட்டன் சாயாவுக்கும் கரிக்கும் நடுவில் பத்து நொடிகூட இல்லை.

இறக்கிய பிறகு 40 கிராம் வெண்ணெய், அப்புறம் 120 மில்லி கிரீம். கிரீமைத் தனியாகச் சூடு பண்ணி வைத்திருந்தேன். குளிர்ந்த கிரீமை ஊற்றினால் கேரமல் கட்டியாக உறைந்து, கூடவே மேலே தெறிக்கும். சூடான கிரீமுக்கே பொங்கிக்கொண்டு வந்தது, அதனால் பாத்திரம் உயரமாக இருக்கட்டும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கால் டீஸ்பூன் உப்பு. கலக்கியதும் ஒரு குழைவு, ஒரு பளபளப்பு. வெல்லத்தில் நான் பார்க்காத சாதி.

ஆனாலும் வீட்டு வெல்லம் இல்லாமல் விருந்தாளிக்கு இனிப்பு வைக்க மனம் வரவில்லை. 60 கிராம் வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் காய்ச்சி, கெட்டியாக்கி, வடிகட்டி, நுனி விரலில் ஒட்டுகிற அளவு சமையல் சோடா போட்டேன். நுரைத்து அடங்கியது. அது கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, கேரமலும் அதே சூட்டுக்கு வந்த பிறகு, இரண்டையும் சேர்த்தேன். திரியவில்லை. கேரமலில் ஒரு கசப்பு இருக்கும் அல்லவா, அதற்குப் பின்னால் கரும்பின் வாசனை தனியாக எட்டிப் பார்த்தது. பதம் பார்க்க மட்டும் பழைய வித்தை உதவியது: ஃப்ரிட்ஜில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்தேன். மெதுவாக நகர்ந்து நின்றது. ஆறினால் இன்னும் கெட்டியாகும் என்பதால் சூட்டில் தளர்வாக இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும்.

ஆப்பிளில் கதை குறைவு. காந்தலூர் ஆப்பிள் சின்னது, பச்சையும் சிவப்புமாக, கொஞ்சம் புளிப்பு. கடை ஆப்பிளின் மாவுத்தன்மை இல்லை. இந்த டிப்புக்கு அந்தப் புளிப்புதான் வேண்டும். நான்கு ஆப்பிளைப் பொடியாக நறுக்கி, ஒரு கரண்டி வெண்ணெய், அரை டீஸ்பூன் பட்டைத் தூளோடு அகலமான வாணலியில் வதக்கினேன். மூடி போடக் கூடாது. ஆப்பிளில் 85 சதவீதம் தண்ணீர்; அது இங்கேயே ஆவியாகப் போகவில்லை என்றால் கிண்ணத்தில் வந்து நிற்கும். வாணலியின் அடியில் ஈரம் இல்லாமல் சுருசுருவென்று சத்தம் மாறியதும் இறக்கினேன். இந்தச் சத்தமாவது எனக்குத் தெரிந்த பாஷை.

தொட்டுச் சாப்பிடும் துண்டுகள் கறுக்காமல் இருக்க மூன்று கிண்ணத்தில் சோதித்தேன். ஒன்றில் எலுமிச்சைத் தண்ணீர், ஒன்றில் அரை லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்புப் போட்ட தண்ணீர், ஒன்று சும்மா. சும்மா வைத்தது கால் மணி நேரத்தில் துருப்பிடித்தது போல ஆனது. வெட்டுப் பட்ட இடத்தில் காற்று பட்டு, பழத்தில் உள்ள ஒரு நொதி அதைப் பழுப்பாக்குகிறது. புளிப்பும் உப்பும் அந்த நொதியைக் கட்டிப்போடுகின்றன. எலுமிச்சை நன்றாகத் தடுத்தது, ஆனால் ஏற்கெனவே புளிப்பான ஆப்பிள் ஊறுகாய்ப் பக்கம் சாய்ந்துவிட்டது. உப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, ஒரு தடவை அலசி, துணியில் ஒற்றி எடுத்ததுதான் எனக்குப் பிடித்தது. ஒற்ற மறந்தால் ஈரத் துண்டில் டிப் ஒட்டாமல் வழுக்கும்.

அடுக்குவது ஐந்து நிமிட வேலை. அகலமான கண்ணாடிக் கிண்ணத்தில் சீஸ், மூன்று மணி நேரம் ஃப்ரிட்ஜ். பிறகு ஆறிய கேரமல், ஆறிய ஆப்பிள். எதுவும் சூடாக இருந்தால் சீஸில் இருக்கிற வெண்ணெய் இளகி மேல் தளமே அமிழ்ந்துவிடும். அமெரிக்காவில் மேலே கிரஹாம் பிஸ்கட்டைத் தூவுவார்கள். தவிடு நீக்காத கோதுமையைத்தான் சாப்பிட வேண்டும் என்று பிரசங்கம் செய்த சில்வெஸ்டர் கிரஹாம் என்ற பாதிரியாரின் பெயர் அதற்கு. அவர் இந்த வெண்ணெயையும் சர்க்கரையையும் பார்த்தால் என்ன சொல்லியிருப்பாரோ. இங்கே டைஜெஸ்டிவ் பிஸ்கட்டைப் பூரிக்கட்டையால் நொறுக்கினேன். பாதியை அழகுக்காக முன்கூட்டியே சீஸுக்கு அடியில் போட்டதுதான் தப்பு. மூன்று மணி நேரத்தில் அது சத்துமாவு உருண்டை போல ஊறிவிட்டது. தூள் எல்லாம் கடைசி நிமிடத்தில், மேலே மட்டும்.

பிள்ளைகள் காந்தலூர் போய்விட்டு நாலு மணிக்கு வந்தார்கள். தலை எல்லாம் தூறல். கொச்சிப் பெண் ஒருத்தி முதல் துண்டை முக்கிவிட்டு, "அங்கிளே, இது எவிடந்நு வாங்கி?" என்றாள், எங்கே வாங்கினது என்று. மகள் என்னைப் பார்த்தாள். நான் ஆலைப் பக்கம் கை காட்டினேன். ஏழு பேருக்கு என்று செய்தது பத்துப் பேருக்கு வரும். சீஸ் அளவை அடுத்த முறை மூன்றில் ஒரு பங்கு குறைப்பேன், கேரமலைக் குறைக்க மாட்டேன். ஆப்பிள் துண்டுதான் முதலில் தீர்ந்தது, அப்புறம் நேந்திரங்காய் சிப்ஸை எடுத்து அதில் தொட ஆரம்பித்தார்கள். உப்புச் சிப்ஸும் கேரமலும் ஆப்பிளை விடப் பொருத்தம் என்று ஒரு கட்சி உருவானது. நானும் அந்தக் கட்சிதான், மச்சானிடம் சொல்ல வேண்டாம்.

முதல் வாணலியில் திரிந்து போனதை அம்மா கொட்ட விடவில்லை. துருவிய தேங்காயும் ஏலக்காயும் போட்டு, தண்ணீர் சுண்டும் வரை கிளறி, திரட்டுப்பால் மாதிரி ஆக்கி ஒரு எவர்சில்வர் டப்பாவில் வைத்திருந்தார். ஞாயிறு காலை பஸ் ஏறும்போது நான்கு பெண்களும் ஆளுக்கு ஒரு காகிதப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனது அதைத்தான். மிச்சக் கேரமல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிறது. அம்மா காலையில் தோசைக்குத் தொட்டுக்கொள்கிறார், இனிப்புச் சட்னி என்றுதான் கேட்கிறார்.